குல்லா ஏன் பெரிதானது, கண்ணி ஏன் குறைந்தது? குட்டிப் பின்னல் வேலைகளின் பழுதுகளும் தீர்வுகளும்

பச்சிளங்குழந்தை வார்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் குல்லா, குட்டி சாக்ஸ், மஃப்ளர் பின்னிக் கொடுக்கும் எங்கள் நீலகிரிக் கூட்டத்தில், பழுதான துண்டுகள் கடைசியில் என் மடிக்குத்தான் வந்து சேரும். ஆள் மாறினாலும் பழுது மாறுவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேட்டர்னை, அதாவது எப்படிப் பின்னுவது என்ற எழுத்துக் குறிப்பை, எடுத்து நம்மூர் ஊசியிலும் நம்மூர் நூலிலும் பின்னும்போது வருகிறவை இவை. பாதிக்கு மேல் கையில் தப்பே இருக்காது. பேட்டர்ன் எழுதியவருடைய ஊர் அளவும் நம் கடை அளவும் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் பழுது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். நூலோ ஊசியோ வாங்க வைக்கும் காரணம் பின்னால் வரும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு சுருக்கையும் கண்ணி என்கிறேன். ‘வி’ வடிவில் தெரியும் கண்ணி நிட், முடிச்சுபோல் புடைத்துத் தெரிவது பர்ல். இன்ச் டேப், குரோஷா ஊசி, நாலைந்து ஊக்கு, வேறு நிறத்தில் ஒரு முழம் நூல், இவை பக்கத்தில் இருக்கட்டும்.

## முதலில்: திருத்துவதா, பிரிப்பதா?

பச்சிளங்குழந்தைக் குல்லாவுக்கு 25 கிராம் நூல் போதும். பழகிய கை ஓரிரு மாலைகளில் முடித்துவிடும். அதனால் பழுது மூன்று நான்கு வரிசைக்குள் இருந்தால் திருத்துங்கள். அதற்குக் கீழே, அதுவும் பல இடங்களில் என்றால், உருவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் லாபம். ஒரு மாலையில் முடியும் குல்லாவைக் காப்பாற்ற இரண்டு மாலை போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன வேலையின் சௌகரியமே பிரித்தால் பெரிதாக எதுவும் போய்விடாது என்பதுதான்.

பிரிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பழுதுக்குக் கீழே நன்றாக இருக்கும் ஒரு வரிசையில் வேறு நிற நூலைத் தையல் ஊசியால் எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டிவிடுங்கள். அதற்கு மேலே எவ்வளவு வேகமாக உருவினாலும் அந்த வரிசையில் வந்து நின்றுவிடும்.

## அறிகுறி: அளவு சரியில்லை

முதலில் அளக்கும் விதத்தைச் சரிபாருங்கள். குல்லாவை மேஜையில் இழுக்காமல் படுக்க வைத்து, அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் தலைச்சுற்று பெரும்பாலும் 33 முதல் 36 செ.மீ. வரை இருக்கும். 28 வாரத்தில் பிறந்ததற்கு 25, 26 செ.மீ.தான். குல்லா தலைச்சுற்றைவிட 3, 4 செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். ஆகவே 35 செ.மீ. தலைக்கு 32 செ.மீ. குல்லா வந்திருந்தால் அது பழுதே இல்லை, ஊசியைக் கீழே வையுங்கள்.

### ஊசி எண்ணைப் பாருங்கள்

எங்களிடம் வரும் அளவுத் தகராறில் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. நம் கடைகளில் ஊசி கேட்டால் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் எடுத்துத் தருவார்கள். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க பேட்டர்னில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். இரண்டு வரிசையிலும் 6, 8, 10 எல்லாமே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. நம்மூர் 8 என்றால் 4 மி.மீ. 6-இல் இது அப்படியே தலைகீழ்: அமெரிக்க 6 என்பது 4 மி.மீ., நம்மூர் 6 என்பது 5 மி.மீ. அமெரிக்க 10 தடித்த 6 மி.மீ. ஊசி. நம்மூர் 10 மெல்லிய 3.25 மி.மீ. ஆகவே அமெரிக்க 6 கேட்ட பேட்டர்னுக்கு நம்மூர் 6 எடுத்தால் குல்லா பெரிதாகும். அமெரிக்க 8 கேட்டதற்கு நம்மூர் 8 எடுத்தால் சிறுத்துப்போகும்.

எண்ணை மறந்துவிட்டு மி.மீ. மட்டும் பாருங்கள். போனி போன்ற ஊசிகளில் தலையிலேயே மி.மீ. போட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் ஊசி அளக்கும் துளைத்தகடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பேட்டர்னில் மி.மீ. சொல்லாமல் எண் மட்டும் இருந்தால் எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள்.

### நூலைப் பாருங்கள்

‘நாலு ப்ளை’ என்ற சொல்லை நம்பாதீர்கள். எத்தனை புரி சேர்த்து முறுக்கியிருக்கிறது என்பது ஒன்று, நூல் எவ்வளவு தடிமன் என்பது வேறொன்று. ஆஸ்திரேலியப் பேட்டர்னில் 8 ப்ளை என்றால் அது இங்கிலாந்துக்காரர் டிகே என்று சொல்லும் நடுத்தரத் தடிமன். 4 ப்ளை அங்கே மெல்லிய நூல். நம் கடையில் நாலு ப்ளை என்று தருவது சில சமயம் அந்த டிகே அளவுக்கே தடிமனாக இருக்கும்.

வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் நூல் பந்து படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். அதில் 3 என்றால் 10 செ.மீ.க்கு 21 முதல் 24 கண்ணி வரும் நூல். 4 என்றால் 16 முதல் 20. இந்தக் கண்ணிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். லேபிளில் வேறு எது எழுதியிருந்தாலும் சரி.

### கடைசியாக, கையைப் பாருங்கள்

ஊசியும் நூலும் சரி என்றால் டென்ஷன்தான், அதாவது உங்கள் கை நூலை எவ்வளவு இறுக்குகிறது என்பது. தனியாக மாதிரித் துண்டு பின்னச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். குல்லாவுக்கு அது தேவையும் இல்லை. பார்டர் தாண்டி 4, 5 செ.மீ. பின்னியதும் அதையே மாதிரியாக வைத்து அளந்துவிடுங்கள். ஓரத்தில் அளக்காதீர்கள், நடுவில், நிட் பக்கத்தில், 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள்.

பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 22 கண்ணி கேட்கிறது, 72 கண்ணி போடச் சொல்கிறது என்று வைப்போம். 22 வந்தால் சுற்று 32.7 செ.மீ. உங்களுக்கு 20 வந்தால் அதே 72 கண்ணி 36 செ.மீ. ஆகிவிடும். 24 வந்தால் 30 செ.மீ.தான். வெறும் இரண்டு கண்ணி வித்தியாசத்தில் குல்லா ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போய்விடுகிறது. கண்ணி குறைவாக வந்தால் கால் அல்லது அரை மி.மீ. மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் தடித்த ஊசி. கையை இறுக்கிப் பின்னி அளவைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். நாலு வரிசையில் பழைய கை திரும்பிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, நான் அடிக்கடி அதைத்தான் சொல்வேன்: பிரிக்கவே வேண்டாம். 36 செ.மீ. வந்த குல்லாவை இன்னும் இரண்டு செ.மீ. உயரமாக்கி, சற்று வளர்ந்த குழந்தைக்கென்று அளவுச்சீட்டு கட்டி வைத்துவிடுங்கள். தானத்துக்குப் பின்னும்போது எல்லா அளவுக்கும் ஒரு தலை இருக்கும்.

### உடல் சரி, ஓரம் மட்டும் தலையில் நுழையவில்லை

கண்ணி ஏற்றிய முதல் வரிசை இறுகிவிட்டது. ஏற்றும்போது மட்டும் ஒரு மி.மீ. தடித்த ஊசியில் ஏற்றி, பின்னுவதற்கு வழக்கமான ஊசிக்கு மாறிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பின்னி முடித்த குல்லா என்றால் அந்த ஓரத்தை வெட்டிப் பிரித்துக் கீழ்நோக்கிப் பின்ன முடியும். ஆனால் அதைச் செய்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

## அறிகுறி: கண்ணி எண்ணிக்கை மாறுகிறது

### கூடிக்கொண்டே போகிறது, துண்டு முக்கோணமாக விரிகிறது

பார்க்கவேண்டிய முதல் இடம் வரிசையின் முதல் கண்ணி. நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் தள்ளினால் அந்த ஒரு கண்ணியின் இரண்டு காலும் இரண்டு கண்ணிபோல் நிற்கும். புதிதாகப் பழகுகிறவர் இரண்டையும் பின்னிவிடுவார். நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோனால் ஒரே கண்ணியாகத் தெரியும். மஃப்ளர் மேலே போகப்போக விசிறியாகிறதென்றால் பெரும்பாலும் இதுதான்.

ஓரம் சரி என்றால் நடுவில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பர்ல் போட்ட பிறகு நூலை இரண்டு ஊசிகளுக்கு நடுவே கொண்டுபோகாமல் ஊசியைச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறீர்கள். போன வரிசையில்தான் நடந்தது என்றால் அந்தச் சுற்றைப் பின்னாமல் ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் தளர்ந்த நூல் அக்கம்பக்கக் கண்ணிகளில் கரைந்துவிடும்.

துளையும் இல்லை, கண்ணி மட்டும் கூடியிருக்கிறது என்றால் நூலின் புரி பிளந்து ஒரு கண்ணி இரண்டாகியிருக்கும். மலிவு அக்ரிலிக் நூலும் கூரான உலோக ஊசியும் சேர்ந்தால் இது சகஜம். மூங்கில் ஊசிக்கு மாறிப் பாருங்கள்.

### குறைகிறது

பின்னுவதை நிறுத்துங்கள். இன்னும் ஒரு வரிசை போனால் தேடுவது இரட்டிப்பு வேலை.

துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். ஏணிபோல் குறுக்குக் கம்பிகள் தெரிந்தால் ஒரு கண்ணி நழுவி இறங்கியிருக்கிறது. முதல் வேலை, அந்தக் கண்ணியில் ஊக்கைக் குத்தி மூடுவது. அதன்பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். நிட் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து கண்ணிக்குள் விட்டு, மிகக் கீழே உள்ள கம்பியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி வழியாக வெளியே இழுங்கள். ஒவ்வொரு கம்பியாக ஏறி ஊசியில் மாட்டுங்கள். நழுவியது பர்ல் பக்கம் என்றால் துணியைத் திருப்பிவைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். எல்லா வரிசையும் நிட் போட்ட துண்டில் மட்டும் ஒரு கம்பிக்கு முன்பக்கம், அடுத்த கம்பிக்குப் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி ஏற வேண்டும்.

ஏணி இல்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது என்றால் எங்கோ இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னியிருக்கிறீர்கள். மூன்று வரிசைக்குள் என்றால் அந்த இடம்வரை கண்ணி கண்ணியாகத் திரும்பிப் போங்கள். அதற்கும் கீழே என்றால், அதுவும் ஒன்றே ஒன்று என்றால், பின்தலை பக்கம் இரண்டு கண்ணிக்கு நடுவிலுள்ள குறுக்குக் கம்பியை முறுக்கி எடுத்து ஒரு கண்ணி கூட்டிவிடுங்கள். யாருக்கும் தெரியாது. முறுக்க மறந்தால் துளை விழும், அது தெரியும்.

இனிமேல் வராமலிருக்க ஒவ்வொரு 20 கண்ணிக்கும் ஓர் ஊக்கோ நூல் வளையமோ ஊசியில் போட்டுவையுங்கள். பழுது எந்த 20-க்குள் என்று உடனே தெரிந்துவிடும்.

## அறிகுறி: எண்ணிக்கை சரி, ஆனால் துளை இருக்கிறது

வேலையைப் பாதி வரிசையில் வைத்துவிட்டுப் போனீர்களா? திரும்பி வந்தபோது திசை மாறிப் பின்ன ஆரம்பித்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு பக்கம் இரண்டு வரிசை அதிகமாகி, நடுவில் துளை விழும். இதற்கு ஒட்டு கிடையாது, அதுவரை பிரிக்கத்தான் வேண்டும். பந்திலிருந்து வரும் நூல் எப்போதும் வலது கை ஊசியில் இருக்க வேண்டும், மறுபடி எடுக்கும்போது அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடது கையால் பின்னுகிறவர்களுக்கு இது மாறும்.

புது நூல் சேர்த்த இடத்தில் துளை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மழுங்கிய தையல் ஊசியில் வால்நூலைக் கோர்த்து, எதிர்ப்பக்கம் சாய்த்து ஓட்டி இழுத்தால் மூடிவிடும்.

முடித்து எடுத்துவைத்த கம்பளியில் பூச்சி அரித்த துளை, கத்தரி பட்ட துளை என்றால் நூல் பல இடத்தில் அறுந்திருக்கும். சுற்றிலும் ஊக்குகளால் கண்ணிகளைப் பிடித்துவைத்துவிட்டு, ஸ்வெட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுங்கள். துவைத்து எடுத்துப்போகலாம் என்று நினைக்க வேண்டாம். துவைத்தால் துளை இரட்டிப்பாகும்.

## அறிகுறி: ரிப் பார்டர் கோடு கோடாக வரவில்லை

ஒரு நிட், ஒரு பர்ல் என்று போட்டும் முத்து முத்தாக வருகிறதென்றால், திரும்பும் வரிசையில் ஒரு கண்ணி இடம் மாறிவிட்டது. வரிசையின் ஆரம்பம் என்னவென்று பேட்டர்னைப் பார்க்காதீர்கள், ஊசியைப் பாருங்கள். ‘வி’ வடிவில் நிற்கும் கண்ணிக்கு நிட், கழுத்தில் முடிச்சுபோல் புடைத்திருப்பதற்கு பர்ல். கண்ணி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கவலை அதோடு போய்விடும்.

ஒரே ஒரு கண்ணி மட்டும் சில வரிசைக்குக் கீழே தப்பியிருந்தால் அந்த ஒரு கண்ணியை மட்டும் வேண்டுமென்றே நழுவவிட்டு, பழுதுவரை ஏணி இறக்கி, மேலே சொன்னதுபோல் குரோஷா ஊசியால் சரியாக ஏற்றிவிடுங்கள். முதல் தடவை கை நடுங்கும். செய்து பார்த்தவர்கள் அதன்பின் பார்டருக்காக எதையும் பிரிப்பதில்லை.

## அறிகுறி: வட்டமாகப் பின்னுவது கோணுகிறது

குல்லா முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வட்டம் சேர்க்கும்போது கண்ணி ஏற்றிய ஓரம் ஊசியைச் சுற்றி ஒருமுறை புரண்டிருக்கிறது. முதல் சுற்று முடியும் இடத்தில் கவனித்தால் அங்கேயே திருப்பி நேராக்கிவிடலாம். அதற்குப்பின் வழியில்லை, பிரியுங்கள். சிலர் முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகப் பின்னிவிட்டு அப்புறம் வட்டம் சேர்க்கிறார்கள். கீழே மிஞ்சும் சிறு பிளவை வால்நூலால் தைத்துக்கொள்ளலாம். கண் மங்கலானவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பல ஊசிகளில் வட்டமாகப் பின்னும்போது, ஊசி மாறும் இடத்தில் ஏணிக்கோடு. ஒவ்வொரு ஊசியிலும் இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலை இறுக்குங்கள், முதல் கண்ணியில் அல்ல. அப்படியும் வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணியை அடுத்த ஊசியிலிருந்து வாங்கிக்கொண்டே போங்கள். இணைப்பு ஒரே இடத்தில் நிற்காது.

பர்ல் பக்கம் வெளியே வருகிறது. ஊசியின் தூரப்பக்கத்தில் பின்னுகிறீர்கள். குல்லாவை உள்வெளியாகத் திருப்பினால் முடிந்தது.

## அறிகுறி: ஓரம் சுருண்டுகொள்கிறது

ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்றால் அது சுருளத்தான் செய்யும். பழுது பின்னுபவரிடம் இல்லை. மஃப்ளருக்கு இரண்டு பக்கமும் நாலு கண்ணி எப்போதும் நிட் போடுங்கள், கீழேயும் மேலேயும் ஆறு வரிசை நிட். முடித்துவிட்ட துண்டு என்றால் ஓரத்தில் குரோஷாவால் ஒரு சுற்றுப் போடலாம்.

இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். உல்லன் நீராவிக்குப் பணியும். அக்ரிலிக் சூட்டில் தொய்ந்து பளபளத்துப் போகும், ரிப் பார்டரின் இழுவை செத்துவிடும், திரும்ப வராது.

## அறிகுறி: பேட்டர்ன் கணக்கு ஒத்துவரவில்லை

முதலில் அளவு எண்களைப் பாருங்கள். ‘64, அடைப்புக்குறிக்குள் 72, 80’ என்று இருந்தால் அவை மூன்று அளவுகள். உங்களுக்கு வேண்டிய அளவைக் கடைசிவரை பேனாவால் வட்டமிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் அடுத்த அளவுக்குத் தாவிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பழுது. அடுத்தது, திரும்பத் திரும்பப் பின்ன வேண்டிய பகுதியைக் காட்டும் நட்சத்திரக் குறி. ‘இன்னும் 3 முறை’ என்றால் மொத்தம் நான்கு. வெறுமனே ‘3 முறை’ என்றால் சிலர் மூன்று என்கிறார்கள், சிலர் நான்கு என்கிறார்கள். வரிசை முடிவில் கொடுத்திருக்கும் கண்ணி எண்ணிக்கைதான் தீர்ப்பு.

அந்த எண்ணிக்கை இல்லாத பேட்டர்னில் நீங்களே வகுத்துப் பார்க்கலாம். குல்லா உச்சியைக் குறைக்கும் இடத்தில் ‘7 நிட், 2 சேர்த்து’ என்றால் ஒரு தொகுதிக்கு 9 கண்ணி. 72-ஐ 9-ஆல் வகுத்தால் 8 தொகுதி, ஆகவே சுற்று முடிவில் 64 இருக்க வேண்டும். அடுத்த சுற்று ‘6 நிட், 2 சேர்த்து’, 56. இப்படி எட்டெட்டாக இறங்கி 8 கண்ணியில் நிற்கும். உங்களிடம் 70 இருந்தால் 9-ஆல் வகுபடாது. குறைக்க ஆரம்பிக்கும் முன்பே அந்த இரண்டையும் சரிசெய்துவிடுங்கள். மீந்த 8 கண்ணி வழியாக வால்நூலை இரண்டு தடவை ஓட்டி இறுக்கினால்தான் உச்சித்துளை மூடும். ஒரு தடவை போதாது.

கணக்குச் சரி, பேட்டர்ன்தான் தவறு என்று தோன்றினால் அது வெளியான பக்கத்துக்கே திரும்பிப் போங்கள். இலவசப் பேட்டர்ன்களில் திருத்தம் பின்னால் சேர்ப்பார்கள், நீங்கள் பழைய பிரதியைப் பிரின்ட் எடுத்து வைத்திருப்பீர்கள். ராவெல்ரி என்ற பின்னல்காரர்களின் இணையதளத்தில் எடுத்தது என்றால் அதே பேட்டர்னைப் பின்னியவர்கள் போட்ட படங்களையும் குறிப்புகளையும் பாருங்கள். ஒருவர்கூடப் பின்னி முடித்த படம் இல்லாத பேட்டர்னை நான் தொடுவதில்லை. கைபேசியில் தானியங்கி மொழிபெயர்ப்பில் படிப்பதையும் விட்டுவிடுங்கள். சுருக்கெழுத்துகளை அது கண்டபடி மாற்றிவிடும். பத்துப் பதினைந்து சுருக்கெழுத்தை ஒரு அட்டையில் எழுதி ஊசிப்பையில் வைத்துக்கொண்டால் வேலை நடந்துவிடும்.

காகிதத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தும் வரவில்லையா, அந்தப் பேட்டர்னை விட்டுவிடுங்கள். குல்லாவுக்குப் பேட்டர்ன் பஞ்சம் இல்லை.

## அறிகுறி: ஜோடி ஒன்றாக இல்லை, சதுரங்கள் பொருந்தவில்லை

குட்டி சாக்ஸில் செ.மீ. அளக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று பின்னினால் கை மாறியிருக்கும். இரண்டு உருண்டை நூல் வைத்து ஒரே நீள ஊசியில் இரண்டையும் சேர்த்தே பின்னிவிடலாம். கழன்று விழுகிறது என்றால் கணுக்காலில் ரிப் இல்லை. நாடா கோர்த்துக் கட்டுவது தீர்வில்லை. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

போர்வைச் சதுரங்களுக்கு மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு கண்ணியில் தொடங்கி வரிசைக்கு ஒன்றாகக் கூட்டி, பக்கவாட்டு ஓரம் 20 செ.மீ. தொட்டதும் குறைத்துக்கொண்டு வந்தால், யார் கை எப்படி இருந்தாலும் சதுரம் 20 செ.மீ.தான் வரும். பலபேர் சேர்ந்து ஒரு போர்வை செய்யும்போது இந்த முறையைத் தவிர வேறெதற்கும் நான் சம்மதிப்பதில்லை.

## அறிகுறி: நூல் தீரப்போகிறது

கடைசி வரிசையில் கண்ணிகளை மூடி முடிக்க, துண்டின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். ஒரு சாதாரண வரிசைக்கு மூன்று மடங்கு. மிச்ச நூலை அகலத்தோடு மடித்துப் பார்த்தால் இன்னும் எத்தனை வரிசை ஓடும் என்று தெரிந்துவிடும். போதாது என்றால் கடைக்கு ஓடும் முன் பழைய லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நிற எண் இருந்தாலும் சாயத்தொகுதி எண் வேறாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் கோடு தெரியும். கிடைக்காவிட்டால் ஒரே நிறத்தைத் தேடி அலைய வேண்டாம், வேறு நிறத்தில் பட்டை போட்டுவிடுங்கள். வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

## அறிகுறி: கொடுத்த இடத்தில் வேண்டாம் என்கிறார்கள்

இதுதான் எல்லாப் பழுதிலும் விலை அதிகமானது. ஒரு மாத உழைப்பு மூட்டையாகத் திரும்பி வரும்.

எளிய காரணம்: கேட்காமல் பின்னியது. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் 2001-இல் எண்ணெய்க் கசிவில் 438 சிறு பெங்குயின்கள் சிக்கின. அலகால் எண்ணெயைக் கோதி விழுங்காமலிருக்க அவற்றுக்குக் குட்டி ஸ்வெட்டர் போட்டார்கள். செய்தி பரவி உலகெங்கும் இருந்து ஸ்வெட்டர்கள் குவிய, போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மிஞ்சியவை பொம்மைப் பெங்குயின்களுக்குப் போய்ச்சேர்ந்தன. வார்டு செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது இதைவிடச் சுலபம். எந்த அளவு, எத்தனை, எந்த நூல், எப்படித் துவைப்பார்கள் என்ற நாலு கேள்வி போதும்.

அடுத்த காரணம் அலங்காரம். குஞ்சம், பொத்தான், முத்து, ரிப்பன், கழுத்துக் கயிறு எதுவும் பச்சிளங்குழந்தைக்கு வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குப் போகும், கயிறு என்றால் கழுத்துக்குப் போகும். பேட்டர்ன் படத்தில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். சாக்ஸின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு நிறம் மாற்றிப் பின்னியதில் உள்ளே நீளமாகத் தொங்கும் நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். சாக்ஸ் ஒரே நிறத்தில் இருக்கட்டும். வால்நூலை முடிச்சுப் போடாமல் 8, 10 செ.மீ. ஓட்டி நறுக்குங்கள். முடிச்சு மெல்லிய தோலில் அழுந்தும்.

மூன்றாவது, நூல். ரோமம் உதிரும் மோஹேர் வகை மூக்கில் ஏறும். அசல் உல்லன் வெந்நீர்ச் சலவையில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரி நீராவிக்கு அக்ரிலிக் உருக்குலையும். அப்படிச் சுத்தம் செய்யும் இடம் என்றால் பருத்தி நூல்தான். அடர்சிவப்பு, மெரூன் நூல்களை ஈர வெள்ளைத்துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே பின்னுங்கள்.

குல்லா எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பார்கள். உடலுக்குத் தாயின் சூடு கிடைக்கும். தலைக்குக் குல்லாவும் காலுக்கு சாக்ஸும் வேண்டும். அங்கே நம் குல்லா நிஜமாகவே வேலை செய்கிறது. வீட்டுக்குப் போன குழந்தை தூங்கும்போது அறைக்குள் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-இல் சொல்லியிருக்கிறது, சூடு ஏறிவிடும் என்பதால். ஊட்டிக் குளிரில் பாட்டிமார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடக்கச் சொல்லுங்கள். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

## அறிகுறி: கை வலிக்கிறது

ஊசியை இறுகப் பிடிப்பதுதான் முதல் காரணம். கண்ணி ஊசியில் தானாக வழுக்காவிட்டால் நீங்கள் இறுக்குகிறீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் வேறு வேலை பாருங்கள். 35 செ.மீ. உலோக ஊசியில் போர்வையின் முழு பாரமும் மணிக்கட்டில் தொங்கும். இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் வட்ட ஊசியில் பாரம் மடியில் உட்காரும், தட்டையான துண்டையும் அதிலேயே பின்னலாம். விலை சற்று அதிகம். இருந்தாலும் இந்த ஒன்றுக்குக் காசு போடுங்கள்.

இரண்டு வாரம் ஊசியைத் தொடாமல் இருந்தும் வலி குறையவில்லை, அல்லது இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, அல்லது டம்ளர் கை நழுவுகிறது என்றால் தைலத்தோடு நிற்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டு நரம்பு அழுந்தியிருக்கலாம். போகும்போது தினமும் எத்தனை மணி நேரம் பின்னுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.